தோற்றவர்களின் வக்கீல்

சரித்திரத்தில் ஜெயித்தவனுக்கு இரட்டை லாபம். நாடும் அவனுக்கு வருகிறது. நாட்டின் கதையும் அவனுக்கு வருகிறது. தோற்றவனுக்கோ இரட்டை நஷ்டம். உயிரும் உடைமையும் போனது போதாதென்று, 'இவன் தோற்றது நியாயமே' என்று பின்னால் வருகிற பள்ளிப் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும்படி ஆகிறது. வழக்கு முடிந்து நானூறு வருஷம் கழித்து, கட்சிக்காரர்கள் எல்லாரும் மண்ணோடு மண்ணான பிறகு, யாரோ ஒருவர் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்து, "தீர்ப்பு தப்பு, மறுபடி விசாரிக்க வேண்டும்" என்று மேஜையைக் குத்துகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவரைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். பிறகு கோபம் வரும். கொஞ்ச நாள் சென்ற பின், 'இந்த மனிதர் சொல்வதிலும் ஏதாவது இருக்குமோ?' என்ற சந்தேகம் வரும்.

இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தில் அப்படி மேஜையைக் குத்தியவர் ஹிலேர் பெல்லாக். பழைய பிடிப்பு விடாத கத்தோலிக்கர், சண்டைக்காரர், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதியவர். குழந்தைகளுக்காக அவர் எழுதிய வேடிக்கைப் பாட்டுகளை இன்றும் இங்கிலீஷ்காரர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் உயிரைக் கொடுத்து எழுதிய சரித்திரங்கள்தாம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. அந்தத் தூசியைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பெல்லாக் பிறந்த வேளையே யுத்த வேளை. 1870 ஜூலை 27ஆம் தேதி, பாரிஸ் நகருக்கு அருகே லா செல் ஸான் க்ளூ என்ற கிராமத்தில் பிறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டிருந்தது. கைக்குழந்தையோடு குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. திரும்பி வந்து பார்த்தபோது, பகைவரின் சிப்பாய்கள் வீட்டைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தார்கள். தகப்பனார் பிரெஞ்சுக்காரர், வக்கீல், 1872ல் காலமாகிவிட்டார். தாயார் பெஸ்ஸி பார்க்ஸ் இங்கிலீஷ் மாது. பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்டவர். வயது வந்த பிறகு தாமாகவே கத்தோலிக்க மதத்தைத் தழுவியவர். ஆகவே பிள்ளை இரண்டு தேசங்களுக்குச் சொந்தம்; இரண்டிலும் முழு உரிமை இல்லை. பிரான்ஸில் அவர் இங்கிலீஷ்காரர். இங்கிலாந்தில் பிரெஞ்சுக்காரர், போதாக்குறைக்குக் கத்தோலிக்கர்.

பர்மிங்ஹாமில் கார்டினல் நியூமன் நிறுவிய பள்ளியில் படித்தார். இருபது வயதில் காதல் பிறந்தது. பெண் எலோடி ஹோகன், கலிபோர்னியாக்காரி. கையில் காசில்லாத இந்தப் பையன் அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்கக் கண்டத்தில் பாதி ரெயிலிலும் பாதி கால்நடையாகவும் பிரயாணம் செய்து, படம் வரைந்து கொடுத்து இரவுச் சாப்பாட்டுக்கு வழி தேடி, அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். கல்யாணம் கூடவில்லை. திரும்பி வந்தான். பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் சேர்ந்து டூல் நகரத்தில் சேவகம் செய்தான். பிறகு ஆக்ஸ்போர்டில் பேலியோல் கல்லூரியில் படித்து, 1895ல் சரித்திரத்தில் முதல் வகுப்பில் தேறினான். மறு வருஷம் மறுபடியும் கலிபோர்னியாவுக்குப் போய் அதே எலோடியையே மணந்து கொண்டான். நாவலில் எழுதினால் 'நம்பும்படியாக இல்லையே' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடக் கூடிய கதை இது!

முதல் வகுப்பில் தேறியவருக்கு ஆக்ஸ்போர்டு ஆசிரியர் பதவி தரவில்லை. ஆல் ஸோல்ஸ் கல்லூரியில் இடம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். தம்முடைய மதந்தான் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். அந்தப் புண் ஆறவே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு நிதானமாக ஏடுகளைப் புரட்டுகிற வாழ்வு அவருக்குக் கிடைக்கவில்லை. வயிற்றுக்காகப் பேனாவை ஓட்டுகிற வாழ்வே கிடைத்தது. இந்த ஒரு விஷயம் அவருடைய சரித்திர நூல்களின் பலத்துக்கும் காரணம், பலவீனத்துக்கும் காரணம்.

1906ல் தென் ஸால்போர்டு தொகுதியில் பார்லிமெண்டுக்கு நின்றார். 'மதத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள்' என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். முதல் கூட்டத்திலேயே சட்டைப் பையிலிருந்து ஜபமாலையை எடுத்துக் காட்டி, இதை நான் தினந்தோறும் உருட்டுகிறவன், இதற்காக என்னைத் தள்ளுவதானால் தள்ளிவிடுங்கள் என்று பொருள்படப் பேசிவிட்டார். ஒரு நிமிஷம் மௌனம், பிறகு கைதட்டல். புராட்டஸ்டண்டுகள் நிறைந்த அந்தத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது! 1910 வரையில் பார்லிமெண்டில் இருந்தார். இரண்டு கட்சிகளும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்ற முடிவோடு வெளியேறினார்.

இனி அவருடைய வழக்குக்கு வருவோம். நம் நாட்டிலும் இங்கிலாந்து சரித்திரத்தைக் கட்டாயப் பாடமாகப் படித்த தலைமுறைகள் உண்டு. எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவிகள், யார் யார் தலை போயிற்று என்பதை அவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். அவர்கள் படித்த கதை சுருக்கமாக இதுதான்: மடங்களில் சந்நியாசிகள் கொழுத்துக் கிடந்தார்கள், பாப்பரசரின் கெடுபிடியில் ஜனங்கள் சலித்துப் போயிருந்தார்கள், ராஜா ரோமாபுரியோடு உறவை அறுத்தவுடன் தேசம் பெருமூச்சுவிட்டு விடுதலை அடைந்தது, அதிலிருந்து சுதந்திரம், பார்லிமெண்டு, வியாபாரம், சாம்ராஜ்யம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்தன. கல்கத்தாவில் உட்கார்ந்து நம்முடைய படிப்பையே மாற்றி அமைத்த மெக்காலே பிரபுவும் அவர் வழியில் வந்தவர்களும் இந்த ரீதியில் அழகாக எழுதி வைத்தார்கள். அழகாக எழுதப்பட்ட கதைக்கு எதிராக வழக்காடுவது சுலபமல்ல.

பெல்லாக் வழக்காடினார். 1925 முதல் 1931 வரை நான்கு பாகங்களாக இங்கிலாந்து சரித்திரம் வெளியிட்டார். சமயச் சீர்திருத்தம் எப்படி நடந்தது என்பதைப் பற்றி 1928ல் தனி நூல் எழுதினார். வுல்ஸி, கிரான்மர், முதலாம் சார்லஸ், கிராம்வெல் என்று வரிசையாக வாழ்க்கை வரலாறுகள் வந்தன. எல்லாவற்றிலும் அவர் கட்சி ஒன்றுதான். ஜனங்கள் பழைய மதத்தை வெறுக்கவில்லை. அது அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர்களுக்கு வேண்டியது வேதாந்தமல்ல, நிலம்.

அவர் சாட்சிக்கு அழைப்பது நிலப் பத்திரங்களை. 1536க்கும் 1540க்கும் இடையில், நான்கே வருஷத்தில், ஏறக்குறைய எண்ணூறு மடங்கள் மூடப்பட்டன. அவற்றின் வயல்களும் காடுகளும் ஆலைகளும் ராஜாவுக்கு வந்தன. ராஜாவின் கையிலே தங்காமல், சலுகை விலையில் அரண்மனைக்கு வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. காரியத்தை முன்நின்று நடத்திய மந்திரி தாமஸ் கிராம்வெல். அவனுடைய சகோதரி மகன் ரிச்சர்டு, ஹிஞ்சிங்ப்ரூக் கன்னியர் மடத்தையும் ராம்ஸி மடத்தையும் பெற்றுப் பெரும் பண்ணைக்காரன் ஆனான். அந்த ரிச்சர்டுடைய பேரனுக்கு மகன்தான், நூறு வருஷம் கழித்து ராஜாவின் தலையை வெட்டிய ஆலிவர் கிராம்வெல்! 'கொள்கை வீரனுடைய குடும்பச் சொத்து எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள்' என்கிறார் பெல்லாக்.

இன்னொரு சாட்சி இதைவிடப் பலமானது. 1553ல் ராணி மேரி பட்டத்துக்கு வந்தாள். கத்தோலிக்க மதம் திரும்பி வந்தது. பாப்பரசரின் தூதரான கார்டினல் போல் வந்தார். பார்லிமெண்டு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. மடங்களின் நிலத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க மாட்டோம்! பாப்பரசரும் அதற்குச் சம்மதிக்க வேண்டியதாயிற்று. பூசை திரும்பியது, பூமி திரும்பவில்லை. மத விஷயத்தில் இப்படியும் அப்படியும் வளைந்த மனிதர்கள், நில விஷயத்தில் மட்டும் எவ்வளவு உறுதி!

ஜனங்களின் மனம்? 1536ல் வடக்கே பல்லாயிரம் பேர், கிறிஸ்துவின் ஐந்து காயங்களைத் தீட்டிய கொடியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். தலைவர் ராபர்ட் ஆஸ்க் என்ற வக்கீல். ராஜா சமாதானமாகப் பேசினான், ஆஸ்க் நம்பினார், கூட்டம் கலைந்தது. மறு வருஷம் யார்க் நகரத்தில் ஆஸ்க்கைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். வெறுத்துப்போன மதத்துக்காக யாராவது இப்படி உயிரை விடுவார்களா என்பதே பெல்லாக்கின் கேள்வி.

இதை அவர் பழங்கதையாக மட்டும் நினைக்கவில்லை. 1912ல் எழுதிய 'அடிமை ராஜ்யம்' என்னும் நூலில், மடங்களின் நிலத்தை விழுங்கிய சிலர் கையிலேயே நாளடைவில் தேசத்து நிலமெல்லாம் சேர்ந்தது, நிலமற்ற ஏழைகள் பெருகினார்கள், பின்னால் யந்திரம் வந்தபோது அவர்கள் கூலிக்கு நிற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று என்று வாதிக்கிறார். அவருக்கும் நண்பர் செஸ்டர்டனுக்கும் இது ஒரு கொள்கையாகவே ஆயிற்று. இந்த இருவரையும் ஒட்டுப்போட்டு 'செஸ்டர்பெல்லாக்' என்று ஒரே மிருகமாக ஆக்கிக் கேலி செய்தார் பெர்னார்ட் ஷா.

பெல்லாக்கிடம் ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்றவர்கள் கண்ணால் சரித்திரம் படித்தார்கள். இவர் காலால் படித்தார். டூல் நகரிலிருந்து ரோமாபுரிக்கு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி 1901ல் நடந்தே போனார். அந்தப் பிரயாண நூல்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. விஞ்செஸ்டரிலிருந்து கான்டர்பரிக்கு யாத்திரிகர்கள் போன பழைய பாதையைத் தேடிக் கண்டுபிடித்து நடந்து, 1904ல் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது வால்மியில் பிரஷ்யக் காலாட்படை ஏன் தயங்கி நின்றது என்று பண்டிதர்கள் சர்ச்சை செய்துகொண்டிருந்தார்கள். பீரங்கிப் படையில் வேலை செய்த இவரோ அந்த நிலத்திலேயே நடந்து பார்த்துவிட்டு, மழையில் ஊறிய சேற்றுப் பள்ளத்தின் மேல் பழியைப் போட்டார். கதை எழுதுகிறவர்களுக்கு இவரிடம் தனி மரியாதை ஏற்படுவது இதனால்தான். அவருடைய பாத்திரங்கள் வெயிலில் வியர்க்கிறார்கள், மழையில் நனைகிறார்கள். படையெடுப்பு என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், குதிரைக்குத் தண்ணீர் எங்கே கிடைத்தது என்று கேட்கிறார் அவர்.

ஆனால் கதாசிரியனுக்கு உள்ள ஆபத்தும் அவரிடம் இருந்தது. காட்சி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால், அது நடந்ததுதான் என்று தோன்றிவிடும். நாங்கள் அப்படித் தோன்றியதை 'கற்பனை' என்ற தலைப்பில் விற்கிறோம். அவர் 'சரித்திரம்' என்ற தலைப்பில் விற்றார். ஆதாரம் இன்ன ஏட்டில், இன்ன பக்கத்தில் என்று அடிக்குறிப்புப் போடுவது அவருக்குப் பிடிக்காது. இரண்டாம் ஜேம்ஸ் அரசனுடைய வாழ்க்கையை சஹாரா பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு விடுதியில் உட்கார்ந்து சில நாட்களில் எழுதி முடித்துவிட்டார்! கேம்பிரிட்ஜில் கூல்டன் என்ற பண்டிதர் வருஷக் கணக்காக அவரைத் துரத்தித் துரத்தித் தவறுகளைப் பட்டியல் போட்டார். எச். ஜி. வெல்ஸ் எழுதிய உலக சரித்திரத்தை எதிர்த்து 1926ல் பெல்லாக் ஒரு யுத்தமே நடத்தினார். மனித சமூகத்தைப் பற்றிய வெல்ஸின் குருட்டு உற்சாகத்தை அவர் குத்திக் காட்டிய இடங்கள் ரசமானவை. டார்வினின் கொள்கை செத்துப் போயிற்று என்று அடித்துப் பேசிய இடத்தில், செத்துப் போனது பெல்லாக்கின் கட்சிதான்.

இதே வழக்கை இன்னொரு விதமாகவும் நடத்தியிருக்கலாம். லங்காஷயரில் ஹார்ன்பி என்ற சின்னஞ்சிறு ஊரில் ஜான் லிங்கார்டு என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1819 முதல் 1830 வரையில் அவர் எட்டு பாகங்களில் இங்கிலாந்து சரித்திரம் எழுதினார். வெளிநாட்டு ஏட்டுச் சாலைகளிலிருந்தெல்லாம் மூலப் பத்திரங்களைப் பிரதி எடுத்து வரச் செய்தார். குரலை உயர்த்தவே இல்லை. புராட்டஸ்டண்டு வாசகன் புத்தகத்தை மூடாமல் படிக்க வேண்டும் என்பதே அவர் கவலை. அந்த நூலுக்கு 1915ல் பதினோராவது பாகம் எழுதிச் சேர்த்தவர் வேறு யாருமில்லை, பெல்லாக்கேதான்! லிங்கார்டின் புத்தகத்தை நீட்டினார். அவருடைய பொறுமையை மட்டும் வாங்கிக் கொள்ளவில்லை.

குரல் உயர்ந்தது மட்டும் குற்றமென்றால் மன்னித்துவிடலாம். தோற்றவர்களுக்காக வாதாட வந்தவருக்கு எல்லாத் தோற்றவர்களும் கண்ணில் படவில்லை. மேரி ராணியின் காலத்தில் ஏறக்குறைய முந்நூறு புராட்டஸ்டண்டுகள் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். நெசவாளிகளும் ஏழைப் பெண்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்காக இந்த வக்கீலின் கண் கலங்கவில்லை. பிரான்ஸில் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட டிரைபஸ் என்ற யூத அதிகாரியின் விவகாரத்தில் பெல்லாக் அநியாயத்தின் பக்கமே நின்றார். யூதர்களைப் பற்றி 1922ல் ஒரு நூல் எழுதினார். அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று அதிலே சொல்கிறார். ஆனால் அவர்கள் என்றும் அந்நியர்களே என்று பிரித்து வைக்கிறார். அப்படிப் பிரித்து வைக்கும் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் இருபது வருஷத்துக்குள் பார்த்தது. நாஜிகளின் கொடுமையை அவர் கண்டித்தார் என்பது உண்மை. முஸோலினியைப் புகழ்ந்தார் என்பதும் உண்மை.

ஐரோப்பாவும் கத்தோலிக்க விசுவாசமும் ஒன்றே என்பது அவர் 1920ல் வெளியிட்ட ஒரு நூலின் மூலமந்திரம். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்குத் தூத்துக்குடிக் கடற்கரை ஞாபகம் வராமல் போகாது. ஹென்றியின் ஆட்கள் மடங்களைப் பூட்டத் தொடங்கிய அதே 1536ஆம் ஆண்டை ஒட்டித்தான் நம்முடைய முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். இங்கிலாந்து விட்ட பூசையை அவர்களுடைய சந்ததியார் இன்றைக்கும் விடவில்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களோ கான்டர்பரியில் கோயில் எழும்புவதற்கு முன்பிருந்தே இருப்பவர்கள். ஆயிரக்கணக்கான மைல் நடந்த பெல்லாக்கின் கால் இந்தப் பக்கம் வரவில்லை.

வீட்டுக்குள் அவர் வேறு மனிதர். ஸஸெக்ஸ் ஜில்லாவில் ஷிப்லி கிராமத்தில் ஒரு காற்றாலையோடு கூடிய பழைய வீட்டை வாங்கிக் குடியிருந்தார். 1914 பிப்ரவரி 2ஆம் தேதி எலோடி இறந்தாள். அன்று அவள் அறையை மூடினார். அதற்குப் பின் அவர் உயிரோடு இருந்த முப்பத்தொன்பது வருஷமும் அந்த அறையில் யாரும் புழங்கவில்லை. இரவு படுக்கப் போகும்போது அந்தக் கதவின்மேல் விரலால் சிலுவைக் குறி போட்டுவிட்டுப் போவார். கறுப்பு உடை, கறுப்புக் கரையிட்ட கடிதத் தாள். மூத்த மகன் லூயி 1918ல் விமானப் படையில் பறந்து போனான், உடல்கூட அகப்படவில்லை. இன்னொரு மகன் பீட்டர் 1941ல் சேவகத்தில் இருக்கும்போது நோயில் மாண்டான். மறு வருஷம் பெல்லாக்குக்குப் பக்கவாதம் வந்தது. அந்தப் பேனா ஓய்ந்தது. 1953 ஜூலையில் வீட்டுக் கணப்பருகே தீயில் விழுந்து, சில தினங்களில், 16ஆம் தேதி காலமானார். இழந்ததை மூடி வைத்து, தினமும் அதன் வாசலில் நின்று கும்பிட்டவர் அவர். அவருடைய சரித்திரமும் அந்தக் கதவைப் போன்றதுதான். உள்ளே எதுவோ இருந்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். திறந்து காட்டு என்றால் காட்ட மாட்டார்.

கதவை மற்றவர்கள் திறந்தார்கள். பெல்லாக் இறந்து முப்பது, நாற்பது வருஷம் கழித்து ஸ்காரிஸ்பிரிக், ஹேக், ஈமன் டஃபி போன்ற சரித்திராசிரியர்கள் கிராமத்துக் கோயில் கணக்குகளையும் உயில்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதாரண ஜனங்கள் பழைய மதத்தை விரும்பியே கைக்கொண்டார்கள், கைக்காசைக் கொடுத்துக் கோயிலை அலங்கரித்தார்கள், மாறுதல் மேலிருந்து திணிக்கப்பட்டது என்பதை அவர்கள் பக்கம் பக்கமாக நிரூபித்தார்கள். டஃபியின் பெரிய நூல் 1992ல் வந்தது. பெல்லாக் சொன்னபோது வெறி என்று தள்ளியதை, டஃபி சொன்னபோது பல்கலைக்கழகங்கள் எழுந்து நின்று கேட்டன. ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே ஓர் ஆதாரம் இருந்ததுதான் வித்தியாசம்.

டஃபி 2001ல் எழுதிய இன்னொரு நூலின் கதாநாயகர் ஒரு கிராமத்துக் குருவானவர். டெவன் ஜில்லாவில் மோர்பாத் என்று ஓர் ஊர். முப்பத்து மூன்று குடும்பங்கள். அங்கே கிறிஸ்டபர் டிரிக்கி என்பவர் 1520 முதல் 1574 வரை, ஐம்பத்து நான்கு வருஷம் பங்குக் குருவாக இருந்தார். கோயில் கணக்கை அவரே எழுதி, ஊர் கூடும்போது உரக்கப் படித்துக் காட்டுவார். புனிதர்களின் பெயரில் விட்ட ஆடுகள் எத்தனை, கம்பளி எவ்வளவுக்கு விலை போயிற்று, மெழுகு வாங்க என்ன செலவு என்று எல்லாம் அதில் இருக்கின்றன. இறந்தோருக்கான பூசையில் அணியக் கறுப்பு அங்கி ஒன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை. தமக்கு வரவேண்டிய வரும்படியை விட்டுக்கொடுத்து, இருபது வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1547ல் வாங்கினார். அந்த வருஷந்தான் புதிய ராஜாவின் உத்தரவு வந்தது. அங்கிக்கு வேலையே இல்லாமல் போயிற்று! ஆடுகள் விற்கப்பட்டன, சொரூபங்கள் இறக்கப்பட்டன. 1549ல் மேற்கு ஜில்லாக்கள் கலகம் செய்தபோது அந்த ஏழைக் கிராமம் ஐந்து வாலிபர்களுக்குச் செலவுக்குக் கொடுத்துக் கலகக்காரர்களின் முகாமுக்கு அனுப்பியது. கலகம் ரத்தத்தில் மூழ்கியது. மேரி ராணி வந்ததும், வீடுகளில் ஒளித்து வைத்திருந்த கோயில் சாமான்கள் வெளியே வந்தன. எலிஸபெத் வந்ததும் மறுபடியும் எல்லாம் மாறின. டிரிக்கி உயிர்த் தியாகம் செய்யவில்லை, ஓடிப் போகவுமில்லை. தம் ஜனங்களை விட்டுப் போக மனமில்லாமல், புதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதே பீடத்தில் நின்று அங்கேயே இறந்தார்.

இந்தக் கணக்கு ஏடு 1904ஆம் வருஷமே அச்சாகி வெளிவந்துவிட்டது. யாத்திரிகர்களின் பழைய பாதையைப் பற்றிய புத்தகத்தை பெல்லாக் வெளியிட்ட அதே வருஷம்! அவர் கட்சிக்கு வேண்டிய சாட்சி ஒரு கிராமத்துக் குருவின் கையெழுத்தில் தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. பெல்லாக்கோ சாட்சியைவிடத் தம் குரலை அதிகம் நம்பினார். அதனால் எதிரிக்கு நஷ்டமில்லை. மோர்பாத்தின் குடியானவர்கள் தங்கள் முறை வருவதற்கு இன்னும் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோற்றவர்களுக்கு ஒரு வக்கீல் அவசியம் வேண்டும். அவர் முதலில் கூச்சல் போடாவிட்டால் வழக்கே பதிவாகாது. அந்த மட்டில் பெல்லாக்குக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வழக்கை ஜெயித்துக் கொடுத்தது மெழுகுக்கும் கம்பளிக்கும் வரவு செலவு எழுதி வைத்த ஒரு குருவானவரின் நோட்டுப் புத்தகந்தான். அந்த ஏட்டில் கோபம் கிடையாது. இருபது வருஷம் காத்து வாங்கிய ஒரு கறுப்பு அங்கியின் விலை மட்டும் இருக்கிறது.